நெல் கொட்டகையில் பொறுக்கிய உருண்டைகள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பா வீட்டுக் கொல்லையில் ஓடு வேய்ந்த பழைய நெல் கொட்டகை ஒன்று இருக்கிறது. இப்போது அதில் நெல் வைப்பதில்லை. கிழிந்த சாக்கு, உடைந்த மரக்கால், பம்புசெட்டின் பழைய பெல்ட் என்று கழித்துப் போட்ட சாமான்கள்தான் கிடக்கும். இரண்டு வருடத்துக்கு முன் மே மாத விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, என் சின்னவன் அதற்குள்ளிருந்து ஓடிவந்து, "அம்மா, உள்ள முடி உருண்டை உருண்டையா கிடக்கு, அதுல பல்லு இருக்கு" என்றான். அவனுக்கு அப்போது 6 வயது. பெரியவளுக்கு 10.

போய்ப் பார்த்தேன். உத்தரத்துக்கு நேர் கீழே தரையெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை எச்சம். அதற்கு நடுவே கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனாக, கறுப்பும் சாம்பலுமாகச் சில உருண்டைகள் கிடந்தன. ஒன்றின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் வளைந்த பல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "கூகை கக்கினது. வாரா வாரம் கூட்டி எருக்குழியில கொட்டிக்கிட்டுதான் இருக்கேன். கையால தொடாதீங்க" என்றார். கூகை ஆந்தையில் ஒரு வகை.

எத்தனை வருடமாக அவர் அப்படிக் கொட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு அடித்துக்கொண்டது. நான் வங்கியில் வேலை பார்ப்பவள். விலங்கியல் படித்தவள் இல்லை. ஆனாலும் ஆந்தை செரிக்காத முடியையும் எலும்பையும் இப்படி உருண்டையாகக் கக்கும் என்று படித்திருந்தேன். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இதைப் பிரித்துப் பார்ப்பது சாதாரண பாடம். அங்கே இதைச் சூடேற்றி, அலுமினியத் தாளில் சுற்றிக் கடையிலேயே விற்கிறார்கள். எங்களுக்கு அது தரையில் கிடந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது: எந்தக் கூகை, எந்த உத்தரத்தில் உட்கார்ந்து, எந்த வயலைச் சுற்றி வந்து கக்கியது என்பது எங்களுக்குத் தெரியும். இந்த வேலையின் பாதி ருசி அதில்தான் இருக்கிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

ஆங்கிலத்தில் இதைப் பெல்லட் என்கிறார்கள். எங்கள் வீட்டில் 'கூகை உருண்டை' என்றே நிலைத்துவிட்டது. ஆந்தைக்குப் பல் கிடையாது. சின்ன எலியை அப்படியே முழுசாக விழுங்கிவிடும். கோழிக்குக் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பை ஆந்தைக்கு இல்லை. இரை நேராக வயிற்றுக்குப் போகிறது. கறிக்கடையில் கோழி வாங்கும்போது தடித்த தசையாக ஒரு பை கிடைக்குமே, அதே மாதிரி ஒரு தசைப்பை ஆந்தைக்கும் உண்டு. சதை கரைந்து குடலுக்குப் போய்விடும். செரிக்காத முடி, எலும்பு, பல் எல்லாவற்றையும் அந்தப் பை அழுத்திப் பிசைந்து உருண்டையாக்கும். சில மணி நேரம் கழித்து அதை ஆந்தை வாய்வழியே கக்கிவிடுகிறது. கக்கினால்தான் அடுத்த இரைக்கு வழி. மீன்கொத்தியும் இப்படி மீன்முள்ளைக் கக்கும். பருந்தும் கக்கும், ஆனால் அதன் வயிற்று அமிலம் வீரியமானது, எலும்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். ஆந்தையின் அமிலம் அவ்வளவு வீரியமானதில்லை. அதனால்தான் மெல்லிய விலா எலும்புகூட நூல் மாதிரி முழுசாகக் கிடைக்கிறது.

இதைச் சொன்னதும் சின்னவன், "அப்போ இது கூகையோட கக்கா இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிட்டே வந்தான். பிள்ளைகளிடம் முதலில் தெளிவாக்க வேண்டியது இதைத்தான். தரையில் தெறித்திருக்கும் வெள்ளை வேறு, உருண்டை வேறு.

பொறுக்குவதற்கு முன்பு நான் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். தலையைத் தூக்கி மேலே டார்ச் அடிக்கக் கூடாது, ஏணி வைத்து ஏறக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைகள் பாதுகாக்கப்பட்ட பறவைகள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், குஞ்சு இருக்கும் காலத்தில் நாம் போய்த் தொந்தரவு செய்தால் கூகை இடத்தையே விட்டுப் போகக்கூடும். மத்தியானம் அது தூங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் உள்ளே போய், தரையில் கிடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் கொட்டகையில் கூகை இருக்கிறது என்பதை ஊரில் யாரிடமும் அதிகம் சொல்வதில்லை. மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்களும் படம் எடுத்துப் போட்டால் இடத்தைச் சொல்லாதீர்கள்.

எடுப்பதற்கு முன் தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். எலி மூத்திரமும் எச்சத் தூசியும் கலந்த இடம் அது. காய்ந்த தரையைக் கூட்டினால் தூசி நேராக மூச்சில் ஏறும். மூன்று பேரும் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டோம். ஒவ்வோர் உருண்டையையும் தனித்தனிக் காகித உறையில் போட்டுத் தேதியும் இடமும் எழுதினோம். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாளில் 11 உருண்டைகள் சேர்ந்தன. புதிதாக விழுந்தது கறுகறுவென்று வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கியது. பழசு சாம்பல் நிறமாகி, தொட்டாலே உதிர்ந்தது.

ஓட்டு மேலே கிடப்பதையெல்லாம் கூகை உருண்டை என்று நினைத்துவிடக் கூடாது. மரநாயும் பூனையும் போகிற இடங்களில் அவற்றின் கழிவும் கிடக்கும். அதில் நாற்றம் இருக்கும், எலும்பு நொறுங்கியிருக்கும், மரநாயுடையதில் பழக்கொட்டை இருக்கும். கூகை உருண்டையில் காய்ந்த பிறகு பழைய கம்பளி வாடைதான் வரும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்: உருண்டையைச் சூடேற்றாமல் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் தொடக்கப் பள்ளிகளிலேயே இதைப் பிரித்த பிள்ளைகளுக்குச் சால்மொனெல்லா தொற்று வந்திருக்கிறது. ஓவன் இருக்கிறவர்கள் அலுமினியத் தாளில் சுற்றி 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைக்கலாம். சமைக்கிற ஓவனில் இதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கைப்பிடி உடைந்து சமையலுக்கு எடுக்காமல் கிடந்த பழைய குக்கர் ஒன்றைக் கைப்பிடி மாற்றி இதற்கென்றே ஒதுக்கினேன். அடியில் தண்ணீர், மேலே தட்டு, அதில் தாளில் இறுக்கிச் சுற்றிய உருண்டைகள். வெயிட் போட்டு, விசில் வந்த பிறகு சிறுதீயில் அரைமணி நேரம். ஆறிய பின் பிரித்து நிழலில் இரண்டு நாள் காயவைத்தேன். அந்தக் குக்கர் இன்றைக்கும் கொல்லையில்தான் இருக்கிறது, அடுப்படிக்குள் வராது. சூடேற்றியாகிவிட்டது என்பதற்காகக் கையுறையை விட்டுவிடவும் இல்லை. பிரிப்பது திண்ணையில், சாப்பாடு அந்தப் பக்கமே வரக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகு என் பெரியவள் அதையே ஒரு தாளில் எழுதித் திண்ணைத் தூணில் ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை, தம்பியை அவள் பார்த்துக்கொண்டாள்.

சாமான் எதுவும் வாங்கவில்லை. கோணி ஊசியின் காதுப் பக்கத்தைப் பென்சில் ரப்பரில் செருகிப் பிடி ஆக்கினோம். புருவம் திருத்தும் இடுக்கி, பல்குத்தும் குச்சி, பழைய பல் துலக்கும் பிரஷ், பூதக்கண்ணாடி, டீ வடிகட்டி, வெள்ளைத் தட்டு. அதோடு ஒரு கிராப் தாள். இந்தத் தாளின் உபயோகம் பின்னால்தான் தெரிந்தது.

முதல் உருண்டையை அவசரப்பட்டுப் பாழாக்கினோம். சின்னவன் கொழுக்கட்டையைப் பிட்கிற மாதிரி நடுவில் பிட்டான். உள்ளே இருந்த மண்டையோடு நான்காக நொறுங்கியது. கிடைத்த எலும்புகளை வெள்ளையாக்கலாம் என்று நான் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். காலையில் எடுத்தால் சாக்பீஸ் மாதிரி பொடிந்தது, பல்லெல்லாம் கழன்று அடியில் கிடந்தது. பெரியவள் அழுதுவிட்டாள். மிச்சம் 10 இருக்கிறதே என்று சமாதானம் சொன்னேன். ஆனால் ஒன்றை ஒருமுறைதான் பிரிக்க முடியும் என்பது அவளுக்கு அன்றைக்கே உறைத்துவிட்டது. அடுத்த உருண்டையில் அவள் கை எவ்வளவு நிதானமாகப் போனது என்பதைப் பார்த்தேன்.

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். மருந்துக் கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்து, வெளுத்ததும் எடுத்துவிட வேண்டும். அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னால் வெளுக்கவே தேவையில்லை. தேனின் நிறத்தில் இருக்கும் எலும்பு அப்படியே அழகாகத்தான் இருக்கிறது.

காய்ந்தபடியே பிரிப்பதா, நனைத்துப் பிரிப்பதா என்று இரண்டையும் செய்து பார்த்தோம். காய்ந்தபடி பிரித்தால் எந்த எலும்பு எதன் பக்கத்தில் இருந்தது என்பது தெரியும், ஆனால் முடி பறக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு அரைமணி ஊறவைத்தால் முடி தானாக நெகிழும், தூசி இருக்காது, ஆனால் சிறு எலும்பெல்லாம் முடியோடு ஒன்றாகக் கலந்துவிடும். அந்தத் தண்ணீரை வடிகட்டியில் ஊற்றித் தேட வேண்டும். சின்ன பிள்ளைகள் இருந்தால் லேசாக நீர் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, பதமாக இருக்கும்போது ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக முடியை நெகிழ்த்தி விலக்குவதுதான் எங்களுக்குச் சரியாக வந்தது. மல்லிகைப் பூவைப் பந்திலிருந்து பிரிக்கிற மாதிரியான வேலை. இழுக்கக் கூடாது, தளர்த்த வேண்டும்.

இரண்டாவது உருண்டையில் ஒரு மண்டையோடு முழுசாக வந்தது. அந்த மத்தியானத்தை என்னால் மறக்க முடியாது. நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்குழிகள். முன்னால் நீளமாக வளைந்த இரண்டு வெட்டுப் பற்கள். அதற்குப் பின்னால் வெறும் இடைவெளி. அப்புறம் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப் பற்கள். பெரியவள் மேலும் கீழும் எண்ணி மொத்தம் 16 என்றாள். "கோரைப் பல்லே இல்லையேம்மா" என்று அவளாகவே கண்டுபிடித்தாள். சின்னவனுக்கு அந்த வாரம் கீழ் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. "எலிக்கும் பால்பல் விழுமா?" என்றான். எலிக்கு ஒரே தடவைதான் பல், விழுந்து முளைக்கிற கதையே இல்லை என்று தெரிந்ததும் தன் பல்லை நாக்கால் தள்ளியபடி ரொம்ப நேரம் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழ்த்தாடையின் முன்பல்லை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிந்தது கொஞ்சம்தான். மீதி, தாடை எலும்புக்குள்ளேயே கடைவாய்ப் பற்களுக்கு அடியில் ஓடி, பின்பக்கம்வரை வளைந்து கிடக்கிறது. இது வாழ்நாள் முழுக்க வளர்கிற பல். கடித்துக் கடித்துத் தேய்த்தால்தான் எலிக்கு வாய் மூட முடியும். முன்பக்கத்தின் ஆரஞ்சு நிறம் அழுக்கில்லை. பல்லின் மேற்பூச்சில் சேர்ந்திருக்கும் இரும்பின் நிறம். முன்பக்கம் கடினம், பின்பக்கம் மென்மை, அதனால் பின்பக்கம் முதலில் தேய்ந்து, நுனி எப்போதும் உளிபோலக் கூர்மையாகவே நிற்கிறது. அப்பா அந்தப் பல்லை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வச்சுத்தான் ராத்திரியோட ராத்திரியா ஒரு பாத்தியைச் சாய்ச்சிட்டுப் போகுதா" என்றார். 40 வருடம் எலியோடு மல்லுக்கு நின்றவர் அவர். எலியின் பல்லை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

எலும்புகளை ஒட்டி முழு எலிக்கூடு செய்ய வேண்டும் என்பதுதான் பிள்ளைகளின் ஆசை. நானும் முதலில் அதையே குறியாக வைத்திருந்தேன். செய்தும் பார்த்தோம்: கறுப்பு சார்ட்டில் மண்டையோடு, முதுகெலும்பு, விலா, கைகால் என்று அடுக்கி ஃபெவிகால் வைத்து ஒட்டினோம். தோள்பட்டை எலும்பு சின்ன அகப்பை மாதிரி இருக்கும், எளிதில் கண்டுபிடிக்கலாம். விலா எலிக்குப் பக்கத்துக்கு 13, நமக்கு 12. கழுத்து முள்ளெலும்பு எலிக்கும் 7, நமக்கும் 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7. பெரியவள் தன் கழுத்தைத் தடவித் தடவி எண்ணப் பார்த்தாள். ஆனால் ஓர் உருண்டைக்குள் மூன்று நான்கு எலிகளின் எலும்பு கலந்து கிடக்கும்போது ஒரே எலியின் கூட்டை முழுசாகக் கட்டுவது முடியாத காரியம். நாங்கள் ஒட்டியதில் ஒரு கால் நிச்சயம் வேறோர் எலியுடையது, நீளமே ஒத்துவரவில்லை. அதை அப்படியே கீழே எழுதியும் வைத்தோம்.

நான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்வதெல்லாம், சார்ட் ஒட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். முதலில் எண்ணுங்கள். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், யார் யார் என்ற கேள்வியில் பிள்ளைகள் இறங்கிவிட்டால் அப்புறம் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. மண்டையோடு சில சமயம் நொறுங்கிவிடும். கீழ்த்தாடை கெட்டியானது, தப்பிவிடும். அதில் இடது, வலது என்று இரண்டு பாதிகள் தனித்தனியாகக் கிடைக்கும். ஓர் உருண்டையில் எங்களுக்கு 3 மண்டையோடு, 4 இடது தாடை, 3 வலது தாடை வந்தது. அப்படியானால் குறைந்தது 4 எலி. தொல்லியலில் பழைய குடியிருப்புகளில் கிடைக்கும் ஆட்டு எலும்பையும் மாட்டு எலும்பையும் எண்ணுவது இதே கணக்கில்தான். 'குறைந்தது' என்ற அந்தச் சொல்லைப் பெரியவள் உடனே பிடித்துக்கொண்டாள். அவள் நோட்டில் ஒவ்வோர் எண்ணுக்கு முன்னாலும் அது இருக்கிறது.

கிராப் தாள் இங்கேதான் கைகொடுத்தது. ஒவ்வொரு தாடையையும் அதன் மேல் வைத்து நீளத்தைக் குறித்தோம். ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளத்தில் ஒரு கூட்டம், இரண்டு செ.மீ.க்கு மேலே இன்னொரு கூட்டம் என்று தானாகவே பிரிந்தது. சின்னது வயல் சுண்டெலி, பெரியது வரப்பெலி வகை என்று அப்பா சொன்னார். இரண்டுக்கும் நடுவில் இரண்டு தாடைகள் நின்றன. குட்டி வரப்பெலியாக இருக்கலாம், வேறேதாவதாகவும் இருக்கலாம். அவற்றுக்கு 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் போட்டோம். அந்தக் கட்டத்தைப் போட பெரியவள் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. பள்ளியில் விடையில்லாமல் விட்டால் மார்க் போய்விடும் என்கிற பயம். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான் மற்ற எண்களை நம்ப முடியும் என்று நானும் அவளும் அரைமணி நேரம் பேசினோம். விடுமுறையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுவே என்று நினைக்கிறேன்.

இவற்றோடு வேறு மாதிரியான தாடைகளும் கிடந்தன. பல் வெள்ளை, ஒவ்வொன்றும் ஊசி மாதிரி கூர், நடுவில் இடைவெளியே இல்லாமல் வரிசையாகப் போகிறது. மண்டையோட்டில் கன்ன எலும்பின் வளைவும் இல்லை. அது மூஞ்சூறு. பூச்சி தின்கிற பிராணி. எலிக் குடும்பமே இல்லை. முழு வாயில் 30 பல். "பிள்ளையார் வாகனத்தையா தின்னிருக்கு?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூஞ்சூறு எலி இல்லை என்ற செய்தியை சின்னவன் தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தான்.

மூன்றாம் வீட்டுச் சிறுமி ஒருத்தி தினமும் வந்து எட்டி நின்று பார்ப்பாள். எலும்பைத் தொட அவளுக்குப் பிடிக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. படம் வரைகிற வேலையை அவளுக்குக் கொடுத்தோம். நோட்டில் உள்ள தாடைப் படங்கள் முழுக்க அவள் வரைந்தவை, என் செல்போன் படங்களைவிடத் தெளிவானவை. சின்னவனுக்கு 20 நிமிடத்துக்கு மேல் பொறுமை நிற்காது. அவனுக்குப் பூதக்கண்ணாடியும், வண்டின் இறக்கை தேடும் வேலையும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேலை சரிவராது.

கடைசியில் 11 உருண்டைகளில் குறைந்தது 29 பிராணிகள்: சுண்டெலி 13, பெரிய எலி 7, தெரியவில்லை 2, மூஞ்சூறு 6, அலகோடு ஒரு சிறு பறவையின் மண்டையோடு 1. பெரியவள் வகுத்துப் பார்த்து, நாளைக்கு ஓர் உருண்டை என்றாலே வருடத்துக்கு ஏறக்குறைய 960 என்று தாத்தாவிடம் போய் நின்றாள். உத்தரத்தில் ஒரு கூகையா, இரண்டா? வெளியே கக்குகிற உருண்டைகள் எத்தனை? மே மாதம் உளுந்தும் பயறும் எடுத்த வயலில் கிடைத்த இரையே சம்பா காலத்திலும் கிடைக்குமா? இந்தக் கேள்விகளையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். 11 உருண்டையை வைத்து வருடத்தை அடித்துச் சொல்ல முடியாது. மயிலாடுதுறையிலும் மதுரையிலும் கல்லூரி விலங்கியல் துறையினர் கூகைகளின் இரையைப் பற்றிச் செய்த ஆய்வுகளும் இதே மாதிரி உருண்டைகளைப் பிரித்துத்தான். அவர்கள் மாதக்கணக்காகச் சேர்த்தார்கள். அதைக் கேட்டதும் அடுத்த விடுமுறைக்கும் எடுத்து வைக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள்.

அப்பா அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சம்பாவில் வழக்கமாக வாங்கும் எலி மருந்தை வாங்கவில்லை. எலி பிடிக்கும் மூங்கில் கிட்டிகளை எடுத்து நாண் மாற்றி வைத்தார். வயலில் ஆங்காங்கே தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டார், கூகை உட்கார்ந்து பார்க்கத் தோதாக. புரோமடையலோன் மாதிரி மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு திரிகிற அதைக் கூகை எளிதாகப் பிடிக்கும், விஷம் கூகைக்கும் போகும். இதை நான் அவரிடம் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், காதில் விழவில்லை. பேத்தி தாடைகளை வரிசையாக அடுக்கிக் காட்டியபோது விழுந்தது. அந்த வருடம் எலிச் சேதம் குறைந்ததா என்றால், அதை அளந்து பார்க்க எங்களிடம் வழி இல்லை. பக்கத்து வயல்களில் மருந்து இன்னும் வைக்கத்தான் செய்கிறார்கள்.

அந்தத் தடவை அந்த 11-இல் சேராமல் மிச்சமிருந்த பழைய உருண்டைகளில் நாலைந்தைச் சூடேற்றாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் திருச்சிக்குக் கொண்டுவந்து பரணில் வைத்து மறந்துவிட்டோம். ஆகஸ்டில் திறந்தால் ஒரே நூலாம்படை. உள்ளே அரிசி மாதிரி புழுக்கள் பட்டுக் கூட்டோடு ஊர்ந்துகொண்டிருந்தன. துணிப்பூச்சி வகையின் புழு. முடியைத் தின்று வாழ்கிறது. முடியெல்லாம் போய், எலும்பு மட்டும் சுத்தமாகக் கீழே உதிர்ந்து கிடந்தது. முதலில் பதறினோம், பிறகு மூன்று பேரும் அந்த டப்பாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். கூகையால் செரிக்க முடியாத முடியைச் செரிக்க இன்னோர் உயிர் இருக்கிறது! பார்த்து முடித்ததும் டப்பாவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். பட்டுப்புடவையும் கம்பளியும் இருக்கிற பீரோ பக்கம் இதை வைத்துவிடாதீர்கள்.

நகரத்தில் இருப்பவர்கள் கூகைக்காக அலைய வேண்டியதில்லை. திருச்சியில் எங்கள் தெருமுனைப் புளியமரத்தில் புள்ளி ஆந்தை ஜோடி இருக்கிறது. சாயங்காலம் கிறீச் கிறீச்சென்று சண்டை போடுகிற அந்தச் சின்ன ஆந்தைதான். அதன் உருண்டை சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், எடுக்கும்போதே உதிரும். உள்ளே எலும்பு குறைவு. வண்டுகளின் இறக்கை ஓடுகள், வெட்டுக்கிளிக் கால், எப்போதாவது பல்லியின் தாடை. வண்டின் இறக்கை ஓடு பூதக்கண்ணாடியில் பச்சையும் நீலமுமாக மின்னுவதைப் பார்த்தபோது சின்னவனுக்கு எலியைவிட இதுதான் பிடித்துப்போனது. கோயில் கோபுரத்தடியிலும் தேடலாம். முதலில் அங்கே இருக்கிற காவலாளியைக் கேளுங்கள், எந்த மூலையில் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் வெளியே விழுவதெல்லாம் கரைந்துவிடும். தை பிறந்ததிலிருந்து ஆனி வரைக்கும் நல்ல காலம்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்திரியில் கூகை துணியைக் கிழிப்பது மாதிரி கத்தினால் அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவார். யாருக்கோ கெட்ட சேதி என்று அவருடைய அம்மா சொன்னது. இப்போதும் சாத்துகிறார். அதை மாற்ற நான் முயலவில்லை. ஆனால் கொட்டகையைக் கூட்டி எருக்குழியில் கொட்டுவதை நிறுத்திவிட்டார். போன பொங்கலுக்கு நாங்கள் போனபோது, பிள்ளைகளிடம் ஒரு பழைய முறத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சின்னச் சின்னப் பொட்டலங்கள், 23 இருந்தன. ஒவ்வோர் உருண்டையையும் எடுத்த அன்றைக்குத் தினசரி காலண்டரில் கிழித்த தாளிலேயே மடித்து வைத்திருந்தார். "தேதி எழுதணும்னு சொன்னாளே பெரியவ, எனக்கு எங்கடி எழுத வரும்" என்றார்.

பெரியவள் பொட்டலங்களைத் திண்ணையில் மாத வாரியாக அடுக்கத் தொடங்கினாள். புரட்டாசியில் 9, ஐப்பசியில் 3, கார்த்திகையில் 2, மார்கழியில் 9. "ஏன் அம்மாச்சி, ஐப்பசியிலயும் கார்த்திகையிலயும் இவ்வளவு கம்மியா இருக்கு?" என்றாள். அடைமழையில் கூகை வெளியே போகவில்லையோ, அம்மா கொட்டகைக்குப் போகவில்லையோ என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் குக்கரைத் தேடக் கொல்லைக்குப் போனேன்.